சாமியார் தோற்ற கேஸ்

இந்திய அரசியல் சாசனத்தை எழுதி முடிக்கப் பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் பிடித்தது. 1950 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம். புதுச் செருப்புகூட இத்தனை சீக்கிரம் கடிக்காது. வேடிக்கை என்னவென்றால், கடிக்கிறது என்று கத்தியவர்கள் அதைத் தைத்தவர்களேதான்.

கடி ஆரம்பித்தது நம்ம மெட்ராஸில். பம்பாயில் ரொமேஷ் தாப்பர் என்ற இடதுசாரி 'கிராஸ் ரோட்ஸ்' என்றொரு வாரப் பத்திரிகை நடத்தினார். அது மெட்ராஸ் எல்லைக்குள் நுழைந்தால் பொது அமைதி பறிபோய்விடும் என்று இங்கிருந்த காங்கிரஸ் அரசாங்கத்துக்குக் கவலை. தடை போட்டார்கள். பேச்சுரிமை என்று இப்போதுதானே எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டு, 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையைத் தூக்கியது. தடை மட்டும் இல்லாதிருந்தால் அந்தப் பத்திரிகையின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது ஒவ்வொரு சட்டக் கல்லூரி மாணவரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்.

அடுத்தது செண்பகம் துரைராஜன் கேஸ். மெட்ராஸில் கம்யூனல் ஜி.ஓ. என்று ஒன்று இருந்தது. கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கணக்கு. மருத்துவக் கல்லூரியில் இதனால் தனக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று செண்பகம் வழக்குப் போட்டார். ஹைகோர்ட்டில் ஜெயித்தார். 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டிலும் ஜெயித்தார். தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: அம்மணி அந்தக் கல்லூரிக்கு அப்ளிகேஷனே போட்டதாகத் தெரியவில்லையாம். விசாரித்தாராம், கிடைக்காது என்றார்களாம், நேரே கோர்ட்டுக்கு வந்துவிட்டார்.

ஜி.ஓ.வை எதிர்த்து ஹைகோர்ட்டில் நின்ற வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். எந்த அல்லாடி? அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் உட்கார்ந்து சாசனத்தை எழுதினாரே, அதே அல்லாடிதான். கேள்வித்தாள் தயாரித்தவரே டியூஷனும் எடுத்தால் மாணவர் ஃபெயிலாவாரா?

தெருவில் பெரியார் கிளம்பினார். டெல்லியில் நேரு வேர்த்துப்போனார். திருத்தம் வந்தது. இடஒதுக்கீட்டுக்கு அதில் வழி பிறந்தது, அது வேண்டியதுதான். ஆனால் அதே பொட்டலத்தில் பேச்சுரிமைக்குக் கூடுதல் வேலியும், ஒன்பதாவது அட்டவணை என்ற விநோத அறையும் சேர்ந்து வந்தன. அந்த அறைக்குள் வைத்த சட்டத்தை, அது அடிப்படை உரிமையை மிதித்தாலும், கோர்ட் தொடக்கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. முதலில் 13 நிலச் சட்டங்களைத்தான் வைத்தார்கள். இன்று வரிசை எண் 284 வரை போகிறது. இந்த மகத்தான சாசனத்தை வக்கீல்கள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று நேரு நாடாளுமன்றத்தில் வருத்தப்பட்டார். பாவம், அவரும் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அரசாங்கம் திருத்தும், கோர்ட் தலையாட்டும். 1967-ல்தான் தலை ஆடுவது நின்றது. பஞ்சாபில் கோலக்நாத் குடும்பத்துக்கு ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து பெரும்பகுதி உபரி என்றது. கேஸ் 11 நீதிபதிகள் முன் போனது. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்தவே முடியாது என்று ஆறுக்கு ஐந்தில் தீர்ப்பு. ஆனால், அதுவரை செய்த திருத்தமெல்லாம் செல்லும், நாளையிலிருந்துதான் கூடாது என்று ஒரு வால் வைத்தார் தலைமை நீதிபதி சுப்பா ராவ். ஆக, கோலக்நாத் குடும்பத்தின் பெயருக்குச் சரித்திரத்தில் இடம் கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை.

சுப்பா ராவ் சும்மா இருந்தாரா? தீர்ப்பு எழுதிய மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பதவியை ராஜினாமா செய்துவிட்டு எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் குதித்தார். அரசாங்கத்தின் அதிகாரத்தை வெட்டிய கை, அரசாங்கத்தின் உச்சாணி நாற்காலிக்கு நீண்டது. ஜாகிர் உசேன் ஜெயித்தார். சுப்பா ராவ் வீட்டுக்குப் போனார்.

இப்போது இந்திரா காந்தி மேடை ஏறுகிறார். 1969 ஜூலையில் 14 வங்கிகளை ஒரே ராத்திரியில் அரசுடைமை ஆக்கினார். 1970 பிப்ரவரி 10-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. பத்து நீதிபதிகள் ஒரு பக்கம், ஏ.என். ராய் என்ற ஒருவர் மட்டும் மறுபக்கம். ராயை மறக்காதீர்கள். மேடத்தின் டயரியில் அந்தப் பெயர் அன்றே ஏறியிருக்க வேண்டும். நான்கே நாளில் புது அவசரச் சட்டம் போட்டு வங்கிகளை மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து ராஜாக்களின் மானியம். அதை நிறுத்தும் மசோதா லோக்சபாவில் தாண்டிவிட்டது. ராஜ்யசபாவில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 224-க்கு மூன்றில் இரண்டு எவ்வளவு? 149.33. அதாவது உலகத்தின் மிகப்பெரிய ஜனநாயகத்தில் ஒரு மசோதா மூன்றில் ஒரு ஓட்டில் தோற்றது. மூன்றில் ஒரு எம்.பி.யை எங்கே போய்த் தேடுவது? குடியரசுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, நேற்றுவரை மகாராஜாவாக இருந்தவர்களுக்கு இன்று முதல் அங்கீகாரமில்லை என்று உத்தரவு போட்டார்கள். 1970 டிசம்பரில் கோர்ட் அதையும் கிழித்தது. இந்திரா லோக்சபாவைக் கலைத்து, தேர்தலில் 352 இடத்தோடு திரும்பி வந்தார். சாசனத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், கோர்ட் கேட்கக் கூடாது என்ற ரீதியில் திருத்தங்கள் வரிசை கட்டின.

இந்தக் கட்டத்தில் உள்ளே நுழைகிறார் ஒரு சாமியார்.

காசர்கோட்டில் எடநீர் மடம். அதன் மடாதிபதி கேசவானந்த பாரதிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கர்நாடக சங்கீதம், யட்சகானம் என்றால் உயிர். கேரளத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் மடத்து நிலத்தில் கைவைத்தது. சாமி 1970 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவருக்கு வேண்டியது நிலம். குடியரசின் ஆன்மாவை மீட்கும் திட்டமெல்லாம் அவரிடம் இல்லை.

கேஸை எடுத்து வாதாடியவர் நானி பால்கிவாலா. பம்பாய் பார்ஸி, டாட்டா கம்பெனி டைரக்டர். வருடா வருடம் பட்ஜெட் வந்ததும் அதை அலசி ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். கேட்க வந்த கூட்டத்துக்கு ஹால் போதாமல் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. வரி விகிதம் கேட்க ரஜினி பட முதல் நாள் கூட்டம். சரித்திரப் புகழ் பெற்ற இந்த வக்கீலும் சரித்திரப் புகழ் பெற்ற இந்தக் கட்சிக்காரரும் கடைசிவரை ஒருவரையொருவர் நேரில் சந்திக்கவே இல்லை.

எதிர்த்தரப்பில் கேரளத்துக்காக எச்.எம். சீர்வை. அவரும் பார்ஸி. இரண்டு பேருமே சர் ஜாம்ஷெட்ஜி காங்கா என்ற ஒரே குருவின் ஆபீஸில் தொழில் கற்றவர்கள். ஆகவே அந்தக் காட்சியை நீங்கள் இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம்: கேரளத்து மடத்து நிலத்துக்காக, கம்யூனிஸ்ட் முதல்வர் அச்சுத மேனனின் அரசாங்கத்தை எதிர்த்து, டெல்லியில், இரண்டு பம்பாய் பார்ஸிகள் இங்கிலீஷில் 68 நாள் சண்டை போட்டார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பால்கிவாலாவின் கையில் இருந்த ஆயுதம் ஜெர்மன் சரக்கு. டீட்ரிஷ் கான்ராட் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1965-ல் காசி இந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு சொற்பொழிவில் சில விபரீதக் கேள்விகள் கேட்டார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் உயிர் வாழும் உரிமையை ரத்து செய்யலாமா? மறுபடி மொகலாய பாதுஷாவைக் கொண்டுவந்து உட்கார வைக்கலாமா? கேட்டவர்கள் புன்னகைத்திருக்கலாம். அவர் ஜோக் அடிக்கவில்லை. ஓட்டுப் போட்டே ஒரு குடியரசை ஒழித்த ஊர்க்காரர் அவர். 1933-ல் ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் கொடுத்ததும் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்த ஓட்டுதான்.

13 நீதிபதிகள். இந்திய சரித்திரத்தில் அதைவிடப் பெரிய பெஞ்ச் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1972 அக்டோபர் 31-ல் ஆரம்பித்தது. நடுவே நீதிபதி பெக்குக்கு உடம்பு சரியில்லாமல் போகும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், விசாரணை நிற்கும். எல்லோர் கண்ணும் காலண்டரில். ஏனென்றால் தலைமை நீதிபதி சிக்ரி 1973 ஏப்ரல் 25-ல் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் தீர்ப்பு வராவிட்டால் ஐந்து மாத வாதமும் வீண். தேசத்தின் எதிர்காலம் ஒரு நீதிபதியின் நாடித்துடிப்பிலும் இன்னொருவரின் பிறந்த தேதியிலும் தொங்கியது.

ஏப்ரல் 24. ரிட்டயர்மென்ட்டுக்கு முதல் நாள். தீர்ப்பு வந்தது. தீர்ப்பு அல்ல, தீர்ப்புகள். 13 பேர் சேர்ந்து 11 தீர்ப்பு எழுதியிருந்தார்கள், எழுநூறு பக்கத்துக்குக் குறையாமல். ஆறு பேர், அடிப்படை உரிமைகளை அழிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றார்கள். ஆறு பேர், எதை வேண்டுமானாலும் திருத்தலாம் என்றார்கள். நடுவில் எச்.ஆர். கன்னா. அவர், எதையும் திருத்தலாம், ஆனால் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார். இரண்டு அணிக்கும் சேராத அந்த ஒற்றை ஆளின் கருத்துதான் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் இந்தியாவின் சட்டமானது.

இதில் பெரும்பான்மை எது என்று யாருக்காவது புரிந்ததா? சந்தேகம் சிக்ரிக்கும் இருந்திருக்க வேண்டும். பெரும்பான்மையின் கருத்து என்று ஒரு தாளில் சில வரிகள் எழுதி, மேடையிலேயே சகாக்களிடம் நீட்டினார். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ராய், மேத்யூ, பெக், துவிவேதி நான்கு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். இந்தியக் குடியரசின் மிக முக்கியமான சட்டக் கோட்பாடு இப்படி ஒரு அட்டெண்டன்ஸ் தாளில்தான் உலகுக்கு அறிமுகமானது.

சரி, அந்த அடிப்படைக் கட்டமைப்பு என்றால் என்ன? சாசனத்தை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டுங்கள், அப்படி ஒரு சொல்லே கிடையாது. எது அடிப்படை என்பதைக் கோர்ட்தான் சொல்லும். எப்போது சொல்லும்? யாராவது உடைக்க வரும்போது சொல்லும். யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட பூட்டுச்சாவி இது. தர்க்கப்படி பார்த்தால் ஆயிரம் ஓட்டை. எனக்குக்கூட இதைக் கேலி செய்ய ஆசைதான். ஆனால் அடுத்த நான்கு வருடத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

சாமி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கேரளத்துச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்த 29-வது திருத்தம் செல்லும் என்று அதே தீர்ப்பு சொன்னது. மடத்துக்கு நிலம் திரும்பவில்லை. 2020 செப்டம்பரில் அவர் காலமானபோது நாடு முழுக்க அரசியல் சாசனத்தின் காவலர் என்று அஞ்சலி எழுதினார்கள். கேஸ் தோற்ற ஒருவருக்கு இவ்வளவு பெரிய வெற்றி விழா வேறெங்கும் நடந்திருக்காது.

தீர்ப்பு வந்த மறுநாளே மேடத்தின் பதில் வந்தது. அடுத்த தலைமை நீதிபதி ஏ.என். ராய். வரிசையில் முன்னால் நின்ற ஷெலத், ஹெக்டே, குரோவர் மூன்று பேரும் தாண்டப்பட்டார்கள். மூன்று பேருமே அந்த ஏழு பேர் அணி. மூன்று பேரும் ராஜினாமா. நாடாளுமன்றத்தில் இதற்காக முன்னால் வந்து நின்று வக்காலத்து வாங்கியவர் உருக்குத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நீதிபதிகளை நியமிக்கும்போது அவர்களின் கண்ணோட்டத்தையும் பார்ப்போம் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். திருச்செங்கோடு பக்கத்து ஜமீன் குடும்பம், பழைய கம்யூனிஸ்ட், மெட்ராஸின் முன்னாள் அட்வகேட் ஜெனரல். செண்பகம் கேஸில் விழுந்த கம்யூனல் ஜி.ஓ.வின் மூல வடிவம் யாருடைய அமைச்சரவை காலத்தில் நடைமுறைக்கு வந்தது தெரியுமா? இவருடைய அப்பா டாக்டர் சுப்பராயன் தலைமையிலான அமைச்சரவை.

இனி அலகாபாத். 1971 தேர்தலில் ராய் பரேலியில் இந்திராவிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்ற ராஜ் நாராயண், தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டிருந்தார். 1975 மார்ச்சில் பிரதமரே சாட்சிக் கூண்டுக்கு வந்தார். அவர் வரும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது, கோர்ட்டில் நீதிபதிக்குத்தான் எழ வேண்டும் என்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா முன்கூட்டியே சொல்லிவிட்டார். உட்கார நாற்காலி மட்டும் தந்தார்கள். ஜூன் 12-ல் தீர்ப்பு: தேர்தல் செல்லாது, ஆறு வருடம் போட்டியிடக் கூடாது. குற்றம்? அரசு ஊழியராக இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது, உ.பி. அதிகாரிகளை வைத்து மேடை போட்டது. நம்ம ஊர் வட்டச் செயலாளர்கூடச் சிரிப்பார்.

அப்பீலுக்கு சுப்ரீம் கோர்ட் வந்த இந்திராவுக்காக நின்ற வக்கீல் யார்? பால்கிவாலா! ஆமாம், அதே பால்கிவாலா. கோடை விடுமுறை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜூன் 24-ல் நிபந்தனையோடு ஸ்டே கொடுத்தார். சபைக்குப் போகலாம், பிரதமராக இருக்கலாம், எம்.பி.யாக ஓட்டுப் போடக் கூடாது. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி. பால்கிவாலா கேஸ் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாமதமாக எரிந்தாலும் விளக்கு விளக்குதான்.

எமர்ஜென்சியில் சட்டம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு 39-வது திருத்தம் சாட்சி. பிரதமரின் தேர்தலைக் கோர்ட் கேள்வி கேட்க முடியாது, ஏற்கெனவே வந்த தீர்ப்பும் வெற்றுத் தாள் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 7 லோக்சபா. 8 ராஜ்யசபா. 9 சனிக்கிழமை, மாநிலச் சட்டசபைகளைக் கூட்டி ஒப்புதல். 10 ஞாயிற்றுக்கிழமை, குடியரசுத் தலைவர் கையெழுத்து. 11 திங்கள், சுப்ரீம் கோர்ட்டில் இந்திரா கேஸ் விசாரணை. தட்கல் டிக்கெட்கூட இவ்வளவு கச்சிதமாகக் கிடைக்காது.

அந்தச் சனிக்கிழமை ராஜ்யசபா இன்னொன்றையும் பாஸ் செய்தது. 41-வது திருத்த மசோதா. பிரதமர், குடியரசுத் தலைவர், கவர்னர் ஆகியோர் மீது, பதவிக்கு வருவதற்கு முன் செய்த குற்றத்துக்கும், பதவியில் செய்த குற்றத்துக்கும், ஆயுள் முழுக்க கிரிமினல் வழக்கே போட முடியாது. ஒரு நாள் கவர்னராக இருந்தால் போதும், பழைய கணக்கெல்லாம் காலி. லோக்சபாவுக்கு அது போகவே இல்லை. யாருக்கோ வெட்கம் வந்திருக்கிறது.

நவம்பர் 7-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் ராய், மேத்யூ, பெக், சந்திரசூட் நான்கு பேரும் கேசவானந்தா கேஸில் எதிரணி. அந்த பெஞ்ச்தான் அடிப்படைக் கட்டமைப்பைக் காட்டி 39-வது திருத்தத்தின் அந்த ஷரத்தை வெட்டியது. இந்திரா தோற்றாரா? இல்லை. தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டு மாற்றி வைத்திருந்தார்களே, அதன்படி அவர் ஜெயித்தார். கோட்பாடும் பிழைத்தது, மேடமும் பிழைத்தார்.

தலைமை நீதிபதி ராய்க்கு இது உறுத்தியது. மூன்றே நாளில், நவம்பர் 10 அன்று, கேசவானந்தா தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய 13 நீதிபதிகளைக் கூட்டினார். பால்கிவாலா எழுந்து வாதாடினார். அன்று அவர் தொட்ட உயரத்தை அந்தக் கோர்ட்டில் வேறெவரும் தொட்டதில்லை என்று கன்னாவே பின்னாளில் சொன்னார். ஆனால் எனக்குப் பிடித்த காட்சி அதுவல்ல. மறுபரிசீலனை கேட்டு மனுப் போட்டது யார் என்று கேள்வி வந்தது. அரசாங்கம் எதையும் போட்டிருக்கவில்லை. தமிழ்நாடு கேட்டது என்றார் ராய். சபையில் இருந்த தமிழ்நாட்டு அட்வகேட் ஜெனரல் கோவிந்த் சுவாமிநாதன் எழுந்தார். நாங்கள் அப்படி எதுவும் கேட்கவில்லையே என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற 12 பேரும் யார் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பத்திரிகையே அடித்திராத கல்யாணத்துக்கு இந்தியத் தலைமை நீதிபதி பந்தல் போட்டிருக்கிறார்!

நவம்பர் 12 காலை, பெஞ்ச் கலைக்கப்பட்டது என்றார் ராய். அவ்வளவுதான். தீர்ப்புத் தொகுப்புகளில் அந்த இரண்டு நாள் விசாரணை இல்லவே இல்லை. கோவிந்த் சுவாமிநாதனின் அம்மா அம்மு சுவாமிநாதன், மெட்ராஸிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போய் இந்தச் சாசனத்தை எழுதியவர்களில் ஒருவர். தங்கை, ஐ.என்.ஏ. கேப்டன் லட்சுமி. அந்த வீட்டுப் பிள்ளை பெரிய சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. நாங்கள் கேட்கவில்லை என்ற உண்மையைச் சத்தமாகச் சொன்னார், போதுமானதாக இருந்தது.

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. எமர்ஜென்சியில் உள்ளே போனவர்கள் லட்சத்துக்கு மேல். ஒன்பது ஹைகோர்ட்டுகள், காரணமில்லாமல் பிடித்தால் நாங்கள் கேட்போம் என்றன. கேஸ் சுப்ரீம் கோர்ட் வந்தது. ஜபல்பூர் கேஸ். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கேட்டார்: சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்? எமர்ஜென்சி இருக்கும்வரை கோர்ட்டில் பரிகாரம் இல்லை என்று டே ஒத்துக்கொண்டார். 1976 ஏப்ரல் 28-ல் நான்கு பேர் அரசாங்கத்தின் பக்கம் எழுதினார்கள். கைதிகள் நன்றாகத் தங்கவைக்கப்பட்டு, நன்றாகச் சாப்பிடுகிறார்கள், அரசின் அக்கறை கிட்டத்தட்ட ஒரு தாயின் அக்கறை என்று பெக் உருகினார். கொடுமை எதுவும் நடக்காது என்று வைரம் போல் மின்னும் நம்பிக்கை தனக்கிருப்பதாக சந்திரசூட் எழுதினார். அந்த வருடம் பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் தாயன்பு பெற்ற தி.மு.க. எம்.பி. சிட்டிபாபு 1977-ல் இறந்தார். அந்தச் சிறை அடியை விசாரித்தவர் கம்பராமாயணத்தில் கரைகண்ட நீதிபதி மு.மு. இஸ்மாயில்.

கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். இதை எழுதினால் தலைமை நீதிபதி நாற்காலி போய்விடும் என்று தன் சகோதரியிடம் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெக்குக்குக் கொடுத்தார்கள். கன்னா ராஜினாமா. இவர் ஒருவராவது மாசற்ற ஹீரோ என்று மாலையோடு போனால், 1979-ல் சரண்சிங் மந்திரிசபையில் சட்ட அமைச்சராகிறார், மூன்றே நாளில் விலகுகிறார். 1982-ல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர், ஜெயில் சிங்கிடம் தோல்வி. அந்த மாளிகைப் பக்கம் நேர்மையான நீதிபதிகளை இழுக்கும் காந்தம் ஏதோ புதைத்திருக்கிறார்கள்.

தேர்தலில் இந்திரா தோற்றார். ஜனதா அரசாங்கம் வந்ததும் சஞ்சய் காந்தியின் மனைவி மேனகாவின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1978 ஜனவரியில் வந்தது தீர்ப்பு: உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை அரசு இஷ்டத்துக்கு மிதிக்க முடியாது, நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும். இன்று உங்களுக்கும் எனக்கும் இருக்கும் பாதி உரிமைகள் அங்கிருந்து கிளைத்தவைதான். பெஞ்சில் யார்? ஜபல்பூர் கேஸில் அரசாங்கத்தின் பக்கம் எழுதிய அதே பெக், சந்திரசூட், பகவதி. லட்சம் பேரின் சிறைவாசத்தில் தெரியாத 21-வது பிரிவு, எமர்ஜென்சி போட்ட மாமியாரின் மருமகள் பாஸ்போர்ட்டில் பளிச்சென்று தெரிந்தது.

சீர்வை, கேரளத்துக்காக அடிப்படைக் கட்டமைப்பைக் கிழித்துத் தொங்கவிட்டவர், எமர்ஜென்சியைப் பார்த்தபிறகு தன் புத்தகத்தின் பிற்காலப் பதிப்பில் அந்தக் கோட்பாடு சரிதான் என்று மாற்றி எழுதினார். எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்ற 42-வது திருத்தத்தின் பகுதியை, இந்திரா மறுபடி பிரதமராக இருந்த 1980-ல், மினர்வா மில்ஸ் கேஸில் வெட்டியவர் தலைமை நீதிபதி சந்திரசூட். வைரம் கொஞ்சம் தாமதமாக மின்னியது. ஜபல்பூர் கேஸில் தப்பு செய்துவிட்டேன் என்று பகவதி 2011-ல் வருத்தம் தெரிவித்தார். 35 வருடம். இடையில் அவர் போஸ்ட் கார்டில் வந்த புகாரையும் மனுவாக எடுத்துக்கொண்டு ஏழைகளுக்குக் கோர்ட் கதவைத் திறந்துவிட்டதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்கள் அப்படித்தான், ஒரே கேஸில் அடங்குவதில்லை.

ஜபல்பூர் தீர்ப்பைப் பெயர் சொல்லி, இது செல்லாது என்று அடித்தது 2017 ஆகஸ்ட் 24-ல். புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி, ஆதார் அட்டை அந்தரங்கத்தைப் பறிக்கிறது என்று போட்ட வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். பிரதானத் தீர்ப்பை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். அப்பா எழுதியதை மகன் கைப்பட ரத்து செய்தார்.

அடுத்த வருடம் செப்டம்பரில் அதே கேஸில் ஆதார் சட்டம் செல்லுமா என்ற கேள்வி வந்தது. சில பிரிவுகளைக் கழித்துவிட்டு, செல்லும் என்று நான்குக்கு ஒன்றில் தீர்ப்பு. செல்லாது என்ற அந்த ஒருவர், டி.ஒய். சந்திரசூட். உரிமை இருக்கிறது, அட்டையும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள்.